சாம்பல் எங்கே போகிறது? அனல் மின் நிலையம் குறித்து வாசகர் கேள்விகள்

எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றியுள்ள அனல் மின் நிலையங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: முன்பு புகைபோக்கியில் அடர்ந்த புகையைப் பார்த்திருக்கிறோம். இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. காற்று சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாமா?
— வாசகி, மீஞ்சூர்

பதில்: கொள்ள முடியாது. கண்ணுக்குத் தெரியும் அடர்ந்த புகை பெரும்பாலும் சாம்பல் துகள்தான். மின்னேற்றம் பெற்ற தகடுகளில் அந்தத் துகளை ஒட்டவைத்துப் பிடிக்கும் கருவிகள் நிலையங்களில் உள்ளன. அவை ஒழுங்காக இயங்கினால் துகளில் பெரும்பகுதி வெளியே வராது. ஆனால், நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் கந்தக டை ஆக்சைடு நிறமற்றது. தகடுகளில் சிக்காமல் புகைபோக்கி வழியே போய்விடும். அது காற்றில் மிதக்கும்போது சல்பேட் நுண்துகளாக மாறி, நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின் உற்பத்தி அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்ற விதி, வாயுவின் அளவைக் குறைப்பதில்லை. அதைத் தொலைவுக்குப் பரப்புவது மட்டுமே அதன் வேலை.

இந்த வாயுவைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி எடுக்கும் முறை பல நாடுகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் இந்த வாயுவுக்கு வரம்பு விதித்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அவகாசம் பல முறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கடமையிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. தேசியத் தலைநகர் வட்டாரத்திலிருந்தோ, பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு விலக்கு இல்லை; மிகவும் மாசடைந்த பகுதிகளை ஒட்டியவற்றுக்குத் தனித்தனியே முடிவெடுக்கப்படும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது விலக்குக்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு மிகப் பெரியது என்பதும் உண்மை. அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களைப் பொறுத்தவரை இந்த விலக்கு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சாம்பலைச் சேர்த்துவைக்கத் தனிக் குட்டை இருக்கும்போது, அது ஆற்றில் எப்படி வந்து சேர்கிறது?
— வாசகர், அத்திப்பட்டு

பதில்: முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலாக மிஞ்சுவது வழக்கம். ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழித்து, அது முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டின் கணக்கில் ஒரு சிமெண்ட் மூட்டை எடைக்குச் சாம்பல் சேர்கிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் 1,830 மெகாவாட். அது ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் சுமார் 30,000 டன் நிலக்கரி எரிந்து, 10,000 டன் அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அதே வட்டாரத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்றும் இருக்கிறது.

இவ்வளவு சாம்பலையும் உலர்ந்த நிலையிலேயே அள்ளி அனுப்ப முடியாதபோது, தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். வடசென்னை நிலையத்தின் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் கடந்து செப்பாக்கத்தை ஒட்டிய குட்டைக்குப் போகின்றன. சாம்பல் குழம்பு மணலைப் போல இரும்பை உள்ளிருந்து அராவும். கடற்காற்று வெளியிலிருந்து அரிக்கும். மூட்டு விட்டுப்போன இடத்தில் பீய்ச்சும் சாம்பல் தண்ணீரை நிறுத்தி, குழாயைச் சரிசெய்யும் வரையில் வெளியேறியது அத்தனையும் ஆற்றுக்குள் படிகிறது. இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் கால் முன்பு சேற்றிலும் மணலிலும் ஊன்றி நின்றது. சாம்பல் படிந்த இடங்களில் அது சாந்து போன்ற சாம்பல்நிறக் குழைவுக்குள் புதைகிறது. ஆறு ஆழம் குறைகிறது, படகு தட்டுகிறது, சேற்றுக்குள் வாழும் புழுவும் சிப்பியும் மூச்சடைத்துச் சாகின்றன. அவற்றைத் தின்னும் நண்டும் மீனும் அங்கே வந்து என்ன செய்யும்? ஆர்செனிக், ஈயம், குரோமியம் போன்றவை சாம்பலில் சிறிய அளவில் உண்டு. தண்ணீரில் ஊறக் கிடக்கும்போது அவை கசிந்து நிலத்தடி நீரையும் அடையக்கூடும்.

இந்தச் சாம்பல் கசிவு குறித்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் மின்வாரியத்தின் பொறுப்பை உறுதிசெய்து, சீரமைப்புக்கு உத்தரவிட்டது. எனவே இதை விபத்து என்று சொல்லிக் கடந்துபோக இனி இடமில்லை. தேய்ந்த குழாயை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதம் இது என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: நிலையத்திலிருந்து வருவது வெறும் வெந்நீர்தானே, அதனால் மீனுக்கு என்ன கேடு?
— வாசகர், பழவேற்காடு

பதில்: நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி, நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீரோடு வெளியேறுகிறது. கடல்நீரை உறிஞ்சிச் சூடாக்கித் திருப்பி விடும் முறையில், உறிஞ்சும்போதே மீன் முட்டைகளும் இறால் குஞ்சுகளும் உள்ளே போய்ச் சாகின்றன. சூடான நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவு. கழிமுகம் கடல் மீன்களும் இறால்களும் குஞ்சுப் பருவத்தில் வந்து வளரும் இடம் என்பதால், திறந்த கடலில் தாங்கக்கூடிய வெப்பத்தை இங்கே தாங்க முடியாது. கால்வாயில் விடுமுன் நீரைப் போதிய அளவு ஆறவிடுவது செலவு பிடிக்கும் காரியமே தவிர, முடியாத காரியம் அல்ல.

கேள்வி: சாம்பல் செங்கல்லில் வீடு கட்டலாமா?
— மாணவி, திருவண்ணாமலை

பதில்: கட்டலாம். தரச் சான்று பெற்ற செங்கல்லாக வாங்குங்கள். சிமெண்ட்டோடு சேர்ந்து இறுகிய பிறகு சாம்பல் காற்றில் பறப்பதில்லை; கடைகளில் விற்கும் பி.பி.சி. சிமெண்ட்டிலும் சாம்பல் கலந்தே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பள்ளத்தை நிரப்பச் சாம்பல் கொட்டுவதும் அரசுக் கணக்கில் ‘பயன்பாடு’ என்றே சேர்கிறது. செங்கல்லாவதும் ஏரிக்கரைப் பள்ளத்தில் கிடப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: மின்சாரமும் வேண்டும், நிலையமும் கூடாது என்றால் எப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாளைக் காலையே எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. பழைய நிலையங்களுக்கு ஆயுள் முடியும், அவற்றின் இடத்தைக் காற்றாலையும் சூரியத் தகடும் எவ்வளவு விரைவாக நிரப்புகின்றன என்பதே கேள்வி. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வெளியேறும் முறையை நீட்டித்துக்கொண்டே போக முடியாது. ஆனால் ஓடுகிற நிலையம் ஓடும் வரையில் சாம்பலை உலர்ந்த நிலையில் எடுக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், ஆற்றில் ஏற்கெனவே படிந்ததை அள்ள வேண்டும். இவற்றின் செலவு மின்சாரத்தின் விலையில் சேர வேண்டியது. இன்று அதை எண்ணூரை ஒட்டிய காட்டுக்குப்பத்து மீனவர் தமது வலையின் வருமானத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்.

நிலையங்கள் ஆண்டுதோறும் சாம்பல் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை சொல்கிறது. எவ்வளவு உண்டானது, எங்கே போனது, குட்டையில் பழைய சாம்பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம், கோயம்புத்தூரிலிருந்தும் கேட்கலாம்.