தாத்தாவின் இழைப்புளி மறுபடி சீவுமா? (கேள்வி பதில்)

பழைய இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு "எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழைப்புளி மரம் சீவுவதற்காகச் செய்த பொருள். பிளேடின் கூரும் அடிப்பக்கமும் சரியாகிவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மற்ற இடத்தில் கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐயா, என் தாத்தா ஆசாரி. பரணில் அவருடைய இரும்பு இழைப்புளி கிடைத்தது. 'ஸ்டான்லி', 'நம்பர் 5' என்று இருக்கிறது. முழுக்கத் துரு. தேறுமா? (கும்பகோணம்)

தேறும் தம்பி. துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விரிசலைத்தான் தேட வேண்டும். உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, உடையும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, வாயின் (அடியில் பிளேடு எட்டிப் பார்க்கும் பிளவு) இரண்டு ஓரத்தையும் பக்கச் சுவர்களையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முடிபோல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அதைச் சீர்செய்வது பெரிய வேலை. கோடு இல்லையென்றால் தைரியமாக இறங்கலாம்.

நம்பர் 5 என்பது 14 அங்குல நீளம், முரட்டு வேலைக்கானது. நம்பர் 4 அதைவிடக் குட்டை, கடைசி மெருகுக்கு. நம்பர் 7 என்றால் 22 அங்குலம், பலகை ஓரங்களை நேராக்க. இந்த அமைப்பு அமெரிக்காவின் லெனார்ட் பெய்லி உருவாக்கியது. அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இங்கிலாந்தின் ரெக்கார்ட், நம் நாட்டு அனந்த் எல்லாம் அதே வழியில் வந்தவை. அதனால் கீழே நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். அப்புறம், ஸ்டான்லி திருகுகளின் மரை அவர்களுக்கென்றே வைத்துக்கொண்ட அளவு. ஒன்று தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. கழற்றக் கழற்ற ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். திருப்புளியின் நுனி திருகின் பள்ளத்தில் முழுசாக உட்கார வேண்டும். இல்லையென்றால் பள்ளம் தேய்ந்து அந்தத் திருகே போய்விடும்.

துருவை எடுக்க வினிகரா, உப்புத்தாளா? (மதுரை)

மேல்துரு என்றால் நைசான உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமே போதும். ஆழமாகப் போயிருந்தால் சாதாரணச் சமையல் வினிகரில் ஊற வையுங்கள். எலுமிச்சை உப்பு இன்னும் மலிவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு நல்ல பிளேடை வினிகரில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நான்கு நாள் கழித்து எடுத்தபோது துருவோடு சேர்த்து இரும்பையும் அமிலம் அரித்திருந்தது. கூர் வரவேண்டிய இடத்திலேயே ஊசி குத்தியதுபோல் குழிகள். அந்தப் பிளேடில் அப்புறம் நேரான கூர் வரவே இல்லை.

வெளியே எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். ஐந்து நிமிடம் ஈரமாக விட்டாலும் மஞ்சள் துரு படர்ந்துவிடும். மரப்பிடியையும் பித்தளையையும் அமிலத்தில் போடக் கூடாது.

அடிப்பக்கத்தைச் சமமாக்க லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்க்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம். கையாலேயே முடியும், எவ்வளவு தேய்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். கனமான கண்ணாடித் துண்டு, அல்லது சமையல் மேடைக்குப் போட்ட கிரானைட்டில் மிஞ்சிய துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். இழைப்புளியை முழுசாகப் பூட்டி, பிளேடை மட்டும் உள்ளே இழுத்துவிடுங்கள். பூட்டாமல் தேய்த்தால் பயனில்லை. பிளேடை இறுக்கும்போது உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அந்த நிலையில்தான் அது வேலை செய்யப்போகிறது.

அடிப்பக்கத்தில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுப் பத்து முறை தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் மேடு, நிற்கிற இடம் பள்ளம். முன்நுனி, பின்நுனி, வாய்க்கு உடனே முன்னால் உள்ள பட்டை, இந்த மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்தால் நிறுத்திவிடலாம். நடுவில் ஒரு பள்ளம் மிச்சமிருந்தால் அது சீவலைக் கெடுக்காது. வாய்க்கு முன்னால் உள்ள பட்டைதான் முக்கியம். பிளேடு தூக்கும் நாரை மரத்தோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அங்கே பள்ளம் இருந்தால் மரம் பிய்யும்.

80க்குப் பிறகு 120, 220. அதோடு சரி. கண்ணாடிபோல ஆக்குவதில் உழைப்பைச் செலவழிக்க வேண்டாம், அந்த நேரத்தைக் கூர் தீட்டுவதில் போடுங்கள்.

அண்ணை, அப்பப்பா ஓடாவி (ஆசாரி). அவரின்ர மரச் சீவுளி (இழைப்புளி) ஒன்று இருக்குது. பிளேட்டில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று குத்தியிருக்குது. வார்ப்பிரும்பு எண்டால் கூர் நிக்குமோ? (யாழ்ப்பாணம்)

நல்லாவே நிற்கும் தம்பி. அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றும். அது வார்ப்பிரும்பு இல்லை, குகையில் (உலோகம் உருக்கும் மண்பாத்திரம்) வைத்து உருக்கி ஊற்றிய எஃகு. 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கொண்டுவந்த முறை. குகையில் எஃகு செய்வது நம் பக்கத்துக்கும் பழைய வித்தைதான். பழைய பிளேடுகள் பலவற்றில் கூர் வரும் பக்கத்தில் மட்டும் கடினமான எஃகு, முதுகெல்லாம் மெதுவான இரும்பு. தீட்டும்போது இரண்டு நிறமாகத் தெரியும். தடிப்பாக இருப்பதால் அதிராமல் சீவும். தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடாதீர்கள்.

மரச் சீவுளியில் பார்க்க வேண்டியது வாய். அடிப்பக்கம் தேயத் தேய வாய் அகலமாகும், அப்போது நார் பிய்யும். வாய்க்கு முன்னால் அளவாக ஒரு பள்ளம் எடுத்து, கெட்டியான மரத்துண்டை ஒட்டி, அடியைச் சமமாக்கினால் வாய் மறுபடி ஒடுங்கும். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பை மாற்ற வேண்டாம், அது அந்த உடலுக்கென்றே இழைத்தது. ஆழம் வேண்டுமானால் பிளேடின் தலையில் மெதுவாகத் தட்டுங்கள், குறைக்க வேண்டுமானால் சீவுளியின் பின்பக்கத்தில். கொட்டாப்புளி போதும், இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். நுனியில் நீலம் படர்ந்து வந்திருக்கிறது. பரவாயில்லையா? (சேலம்)

அந்த நீலப்பகுதி பதம் இழந்துவிட்டது. சாணையின் சூட்டில் எஃகு கிட்டத்தட்ட 300 டிகிரிக்குப் போனால் அந்த நிறம் வரும், அங்கே கூர் பத்துச் சீவலுக்கு மேல் நிற்காது. எனக்கும் ஒரு பட்டறையில் இப்படி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நீலம் முழுக்கப் போகும்வரை நுனியைக் கையால், கல்லில் தேய்த்துக் குறையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போகும், மீதிப் பிளேடு நன்றாகவே இருக்கும். இனிமேல் மிஷினில் பிடித்தால், விரலால் தொட முடிகிற சூட்டைத் தாண்டும் முன்பே தண்ணீரில் முக்குங்கள்.

கூர் நன்றாக இருக்கிறது, முடிகூட வெட்டுகிறது. ஆனால் நாலு தள்ளு தள்ளினால் வாயில் சீவல் அடைத்துக்கொள்கிறது. (புதுச்சேரி)

பிளேடின்மேல் ஒரு தகடு பூட்டியிருக்கிறதே, அதைக் கழற்றிப் பாருங்கள். அதன் முன்நுனி பிளேடோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். இரண்டையும் பூட்டி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் அந்த வழியாகத்தான் சீவல் நுழைகிறது. தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்து, உள்பக்கமாகச் சற்றுச் சாய்வு வருமாறு ஒட்டவையுங்கள். மேல்வளைவையும் மெருகேற்றுங்கள், சீவல் வழுக்கிக்கொண்டு ஏறும்.

நுனியிலிருந்து எவ்வளவு பின்னால் வைப்பது என்பது வேலையைப் பொறுத்தது. முரட்டு வேலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர். ரேகை முறுக்கிய வேங்கை, பலா போன்ற மரத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிட்டுப் பிளேடை மறுபடி மாட்டிப் பாருங்கள். முதல் தள்ளில் தூள் வரும், இரண்டாவதில் துண்டு துண்டாக வரும், அப்புறம் திடீரென்று பலகை நீளத்துக்கு ஒரே சுருள், வெங்காயச் சருகுபோல, எடுத்தால் விரல் ரேகை தெரிகிற மெல்லிசில். சத்தமும் மாறிவிடும், கரகரப்பு போய் பட்டுத்துணி கிழிவதுபோல.

பின்பிடி இரண்டாக உடைந்திருக்கிறது. புதுசு செய்யட்டுமா? (கோயம்புத்தூர்)

ஒட்டிப் பாருங்கம்மா. பழைய பிடிகள் பெரும்பாலும் ஈட்டி வகை மரம், எண்ணெய்ப்பசை உண்டு. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு எபாக்சி போட்டுக் கட்டி, ஒரு நாள் விடுங்கள். அப்புறம் ஆளி விதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மறுபடி துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது? (நாகப்பட்டினம்)

வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், வேண்டாம். அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஒரு கோடு இழுத்துவிடுங்கள், தள்ளுவதும் சுலபமாகும்.

எல்லாம் முடித்துவிட்டேன். முதலில் எந்த மரத்தில் சோதிப்பது? (திண்டுக்கல்)

தேக்கில் தொடங்காதீர்கள், அதிலிருக்கும் சிலிக்கா கூரைச் சீக்கிரம் மழுக்கும். பார்சல் பெட்டியில் வரும் பைன் பலகை, ரேகை நேராக ஓடுவதாக ஒன்று எடுங்கள். முதலில் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஒரு ஆணி போதும், இரண்டு நாள் தீட்டிய கூர் ஒரே தள்ளில் போய்விடும்.