காணியை ஈடு வைக்க முன் கிணற்றைப் பாருங்கள்

போன கிழமை யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தது. தகப்பன் வெங்காயமும் மரக்கறியும் செய்கிறவர். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. முதல் தடவையிலேயே இரசாயனவியலுக்கு ஏ, உயிரியலுக்கு பி, பௌதிகவியலுக்கு சி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அதில் மருத்துவபீடத்துக்குக் காணாது. கனடாவில் இருக்கிற பெரியப்பா தொலைபேசியிலேயே முடிவெடுத்துவிட்டார்: "வெளிநாட்டில மெடிசின் படிக்கட்டும், பாதிக் காசு நான் தாறன்." மற்றப் பாதிக்குத் தோட்டக் காணியை ஈடு வைப்பதாகப் பேச்சு.

"பிள்ளை கெட்டிக்காரி, யோசிக்காதேங்கோ அம்மா" என்று தாயைத் தேற்றத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பிள்ளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டொக்டராக விருப்பமா என்று கேட்டேன். தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். பாடத்தில் எது பிடிக்கும் என்றேன். "தண்ணியைப் பற்றி வாற பகுதி சேர்" என்றாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

நீர் மூலக்கூறில் ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கம் சற்று நேர். பக்கத்து மூலக்கூறோடு அது போடும் ஐதரசன் பிணைப்பு, தனியே எடுத்தால் மெலிந்தது. ஆனாலும் அந்தப் பிணைப்புகள் இல்லையென்றால் தண்ணீர் எங்கள் கிணற்றில் கிடக்காது, வாயுவாகப் போயிருக்கும். இதைவிடக் கனமான ஐதரசன் சல்பைட்டு அறை வெப்பநிலையில் வாயுவாகத்தானே இருக்கிறது? இந்த ஒப்பீட்டை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "கொதிக்க வைச்சால் எங்கட கிணத்துத் தண்ணியில கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படியுது. உரத்தால வாற நைத்திரேற்றும் அப்பிடிப் படிஞ்சிடுமோ?"

படியாது. கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்று. எங்கள் சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர், சூடேறும்போது அதைத் திருப்பி விடுகிறது. நைத்திரேற்று அயனுக்கு மறை ஏற்றம். மண்ணின் களித் துணிக்கைகளும் பெரும்பாலும் மறை ஏற்றமுடையவை என்பதால் அது மண்ணில் ஒட்டாது. தோட்டத்துக்குப் போட்ட யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் வந்தது செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணக்கல் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் செறிவு கூடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபினில் உள்ள இரும்பிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கும். அந்த இரும்பு பிறகு ஒட்சிசனைக் காவாது, பிள்ளை நீலம் பாரிக்கும்.

இதைச் சொன்னபோது தகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் போடும் உரமும் அவர் குடிக்கும் கிணறும் ஒரே கதைக்குள் வந்துவிட்டன.

மருத்துவம் இல்லையென்றால் வேறென்ன என்பதற்கு அவரிடம் இப்படிச் சொன்னேன்: தாதியம், ஆசிரியம், விவசாயபீடம் எல்லாம் ஊருக்கே தெரியும், விடுகிறேன். நீர்ப் பகுப்பாய்வை ஒருவரும் சொல்வதில்லை. உயிரியல் பிரிவுப் பிள்ளை யாழ். பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் இரசாயனவியலை ஒரு பாடமாக எடுத்து, நன்றாகச் செய்தால் அதிலேயே நான்கு வருடச் சிறப்புப் பட்டம் வரை போகலாம். நீர் ஆய்வுகூடத்தில் காலையில் வந்த போத்தலைத் திறந்து கடினத்தன்மைக்கு நியமிப்புச் செய்வார்கள், அதாவது நிறம் மாறும் வரை ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பார்கள். வைன் சிவப்பு நீலமாக மாறும் அந்தத் துளியில் கை நிற்க வேண்டும். நைத்திரேற்றைக் கருவியில் அளப்பார்கள். அதே கிணற்றிலிருந்து கிருமி நீக்கிய தனிப் போத்தலில் வந்த தண்ணீரை நுண்துளைச் சவ்வு வடியில் வடித்து, 44 பாகையில் அடைகாத்து, மலக் கிருமி வளர்கிறதா என்று அடுத்த நாள் எண்ணுவார்கள். ஒரு மேசையில் இரசாயனம், மறு மேசையில் நுண்ணுயிர். கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு இரண்டாம் மேசை புதிது, உங்கள் மகளுக்கு இரண்டும் பழக்கம்.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கும் இரசாயனவியலாளர்கள் தேவை. போத்தல் தண்ணீர், உணவுத் தொழிற்சாலைகளுக்கும் தேவை. தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறந்தாயிற்று. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில், யார் வந்து தண்ணீரைச் சோதிப்பார்கள் என்று சனம் ஏங்கிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

ஐயா, காணி விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியப்பாவின் பாதிக் காசு உதவிதான், ஆனால் ஈட்டின் வட்டி உங்கள் தலையில். ஐந்தாறு வருடம் படித்து வந்த பிறகும் இங்கே தொழில் செய்ய மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பிள்ளைக்கு உள்ளிருந்து விருப்பம் இருந்தால் அந்தச் சுமைக்கு ஒரு நியாயம் இருக்கும். அவளுக்கு அது இல்லை, உங்களுக்கு முன்னால்தான் கேட்டேன். அரச பல்கலைக்கழகத்தில் கற்பிப்புக் கட்டணம் இல்லை, யாழ். பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலி உங்களுக்குச் சைக்கிள் தூரம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவு ஒழுங்கு முக்கியம். புள்ளி எட்டுகிற தெரிவுகளில் மேலே இருப்பதுதான் கிடைக்கும். யாழ்ப்பாண உயிரியல் விஞ்ஞானத்தை அவள் விரும்புகிற இடத்தில் அவளே எழுதட்டும். பெரியப்பாவுக்கு நான் கதைக்கிறேன், இலக்கத்தைத் தாருங்கள். அடுத்த முறை வரும்போது கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள். நிரப்ப முன் அதே தண்ணீரால் மூன்று தரம் அலச வேண்டும், எப்படியென்று மகள் காட்டுவாள்.