நிரல் எழுதத் தெரியாத வகுப்பில் மரபணுத்தொகுதி ஆய்வு

வணக்கம். இளநிலை உயிரியல் மாணவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது, கல்லூரியில் சர்வரும் இல்லை, இந்நிலையில் ஒரே பருவத்தில் மரபணுத்தொகுதி (ஓர் உயிரியின் முழு டிஎன்ஏ) ஆய்வை எப்படிச் செய்விப்பது என்று கேட்டிருந்தீர்கள். பழ ஈக்களின் டிஎன்ஏவில் ஒவ்வொரு மரபணுவும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லைகளைக் குறிக்கும் பணியில் தொடங்குங்கள். அதற்கு இணைய உலாவியே போதும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் சாரா எல்ஜின் 2006இல் தொடங்கிய ஜீனோமிக்ஸ் எஜுகேஷன் பார்ட்னர்ஷிப் என்ற கல்லூரிகளின் கூட்டமைப்பு இதைத்தான் செய்துவருகிறது. 2015இல் வந்த அவர்களின் ஆய்வுக்கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன; பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள்.

நன்கு ஆராயப்பட்ட பழ ஈயான டிரோசோபிலா மெலனோகாஸ்டரின் புரத வரிசையைக் கொண்டு இன்னோர் ஈ இனத்தின் டிஎன்ஏவில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் இணையக் கருவி) தேடல் செய்தால் எக்ஸானின் (மரபணுவில் புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு) எல்லை தோராயமாகவே கிடைக்கும். துல்லியமான இடத்தை, எக்ஸான்களுக்கு இடையே உள்ள இன்ட்ரான் என்ற துண்டு ஜிடி (GT) என்ற டிஎன்ஏ எழுத்துகளில் தொடங்கி ஏஜியில் (AG) முடிகிறதா, எக்ஸான்களை இணைத்த பின் வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை) பிசகாமல் தொடர்கிறதா, அந்த ஈயின் ஆர்என்ஏ தரவு அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து மாணவரே தீர்மானிக்க வேண்டும். அருகருகே இரண்டு ஜிடி வரும் இடத்தில்தான் உண்மையான விவாதம் பிறக்கும். மதிப்பெண்ணில் பாதியையாவது அந்த வாதத்துக்கு ஒதுக்குங்கள். ஒரே மரபணுவை இருவர் தனித்தனியே செய்து, பின்னர் ஒப்பிடட்டும். பைத்தான் நிரல்மொழியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம்.