கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே, சிலுவை எதற்கு?

நல்ல கேள்வி. களியக்காவிளையில் அம்மா அடகுக்கடையில் வளையலை மீட்ட நாள் ஞாபகம் வருகிறது. முதலும் வட்டியும் எண்ணி வைத்து, வளையலைக் கையில் போட்டுக்கொண்டுதான் படியிறங்கினாள். மீட்பு என்பதும் அதுதான், தன்னுடையதையே விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது. பைபிளில் மாற்கு 10:45இல், இயேசு தம் உயிரை மீட்பின் விலையாகக் கொடுப்பதைச் சொல்ல வரும் 'லூட்ரோன்' என்ற கிரேக்கச் சொல், அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் பணத்தையும் குறிக்கும். களியக்காவிளையும் அன்று சேர்ந்திருந்த, 1855 வரை அடிமைமுறை இருந்த திருவிதாங்கூர் மண்ணில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும்!

சரி, சிலுவையைப் பலி என்றும் சொல்கிறோமே, அது ஏன்? யூதர்கள் ஆண்டுதோறும் பாவப்பரிகார நாளில் விலங்குகளைப் பலியிட்டார்கள். இயேசு ஒரே முறை, தம்மையே கொடுத்தார். கடனைத் தள்ளுபடி செய்தாலும் நஷ்டம் யாரோ ஒருவருக்கு உண்டே. சிலுவையில் அந்த நஷ்டத்தைக் கடவுளே ஏற்றார் என்பதே எங்கள் விசுவாசம்.