டீலர் சர்வீஸுக்கே பிடிபடாத கோளாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: கம்பெனி சர்வீஸில் எத்தனை தடவை விட்டு எடுத்தாலும் கோளாறு போகவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பல வண்டிகளில் பார்ட்ஸை மாற்றிப் பார்த்திருக்கிறார்களே தவிர, யாரும் இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

கேள்வி: முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் மட்டும் வருவதில்லை. "ஒன்றும் இல்லை சார், நன்றாகத்தான் ஓடுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடேறியிருக்கும், சஸ்பென்ஷன் புஷ்களின் ரப்பர் இளகியிருக்கும். அவர்கள் டெஸ்ட் டிரைவ் போகும் சாலை சமதளமாக இருக்கும். வண்டியில் டிரைவர் மட்டும் இருப்பார். சத்தம் வருவதற்கான சூழலே அங்கே இல்லை. அந்தச் சூழலை அவர்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "சஸ்பென்ஷன் சத்தம், செக் செய்யவும்" என்று எழுதினால், யாராவது வண்டியைத் தூக்கி நாலு போல்ட்டை இறுக்கிவிட்டு அனுப்புவார்கள். அதையே இப்படி எழுதச் சொல்லுங்கள்: "காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு, 20 கி.மீ. வேகத்தில் வேகத்தடையிலிருந்து இறங்கும்போது, முன் இடது பக்கம் ஒரு தடவை கடக் என்ற சத்தம். பிரேக்கை லேசாக அழுத்தியபடி இறங்கினால் வருவதில்லை." கடைசி வரி முக்கியம். எப்போது வருகிறது என்பதைப் போலவே எப்போது வருவதில்லை என்பதும் பெரிய துப்பு. பிரேக் பிடித்தால் நின்றுவிடும் சத்தம் பெரும்பாலும் பிரேக் பேட், கேலிப்பர் பக்கம் கைகாட்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக்டக்' என்றால் சிவி ஜாயின்ட்டை (சக்கரத்தைச் சுற்றும் தண்டில் இருக்கும் மூட்டு) சந்தேகிக்கலாம்.

குளிர்ந்த என்ஜினில்தான் வருகிறது என்றால் வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே போடட்டும். ஓடும்போதுதான் வருகிறது என்றால், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டக் கேளுங்கள். சர்வீஸ் அட்வைசரை ஏற்றிக்கொண்டு போவதில் பயன் குறைவு, வண்டியில் கை வைக்கப் போகிறவர் அவரல்ல. உடன் வருபவரிடம் போனைக் கொடுத்து மீட்டரும் சத்தமும் ஒன்றாகப் பதியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

சத்தம் இடது பக்கம் கேட்கிறது என்பதால் கோளாறும் இடது பக்கம்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். பாடி இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ ஓடும். கீழே பல இடங்களில் சின்ன மைக்குகளைக் கவ்விவிட்டு, ஓடிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவி இருக்கிறது. உங்கள் சர்வீஸ் சென்டரில் உண்டா என்று கேளுங்கள். அதற்கு முன் டிக்கியைக் காலி செய்து, ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டிய பிறகு ஜாக்கி ஸ்பானர்தான் ஆடியது என்று தெரியவருவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

கேள்வி: செக் என்ஜின் லைட் எரிந்தது. ஆக்சிஜன் சென்சார், ஏர்ஃப்ளோ சென்சார் இரண்டையும் மாற்றினார்கள். சில வாரங்களில் மறுபடி அதே கோடு (என்ஜின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்), பி0171. இப்போது ஃபியூயல் பம்ப்பை மாற்றலாம் என்கிறார்கள்.

மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கோடு என்பது குழந்தை வயிற்றைத் தொட்டுக் காட்டி அழுவது மாதிரி. வலி இருப்பது தெரியும், காரணம் தெரியாது. பி0171 சொல்வது ஒன்றுதான்: என்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். இன்டேக் ஹோஸில் விரிசல், மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு, பிசிவி வால்வு (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது) பழுது, குறைந்த ஃபியூயல் பிரஷர், அடைத்த இன்ஜெக்டர், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை, இவற்றில் எது இருந்தாலும் அதே கோடுதான் வரும். புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று ஆக்சிஜன் சென்சார் உண்மையைச் சொன்னதற்காகவே பல வண்டிகளில் அதை மாற்றிவிடுகிறார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்கேனரில் 'ஃபியூயல் டிரிம்' என்ற எண் தெரியும். கலவையைச் சரிசெய்ய என்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அதில் இருக்கும். ஐடிலிங்கில் டிரிம் மிக அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் இறங்கினால் காற்றுக் கசிவுதான் முதல் சந்தேகம். ஐடிலிங்கில் சாதாரணமாக இருந்து, மேட்டில் ஏறும்போது எகிறினால் பெட்ரோல் போதிய அளவில் வருவதில்லை என்று பொருள். அப்போது பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்த பிறகு பம்ப்பைப் பற்றிப் பேசலாம். காற்றுக் கசிவைப் பிடிக்க ஸ்மோக் டெஸ்ட் இருக்கிறது. இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தினால் விரிசல் உள்ள இடத்தில் அது வெளியே வரும்.

கோடு பதிந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு, லோடு ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு படம்போலச் சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினாலும் போய்விடும். லைட் எரிகிறதே என்று நீங்களாக ஒரு ஸ்கேனர் வாங்கி அழித்துவிட்டு, பிறகு சர்வீஸுக்குக் கொண்டுபோனால், தடயத்தைத் துடைத்துவிட்டுப் போலீஸில் புகார் கொடுத்த கதைதான். படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள்.

அட்வைசரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எந்தச் சோதனையில் இந்தப் பார்ட் தோற்றது?" "கோடு அப்படிச் சொல்கிறது" என்பது பதிலே அல்ல.

கேள்வி: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன். பேட்டரி புதிது, ஆல்டர்னேட்டரும் சரி என்கிறார்கள்.

அப்படியானால் நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று தூங்காமல் கரண்டை இழுக்கிறது. பூட்டி நிறுத்திய வண்டி பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, பேட்டரிக்கு அது பொருட்டே இல்லை. ஒரு ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 24 ஆம்பியர் மணி காலி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டாம் நாள் தாங்காது. உங்கள் வண்டி செய்வது அதைத்தான்.

அளக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கதவைச் சாத்திப் பூட்டியவுடன் எல்லாக் கம்ப்யூட்டர்களும் தூங்கிவிடுவதில்லை. சில வண்டிகளில் அரை மணிக்கு மேலும் ஆகும். அதற்கு முன் அளந்தால் நல்ல வண்டியும் கோளாறாகத் தெரியும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதும் தூங்கியவற்றை எழுப்பிவிடலாம். ஃபியூஸைக் கழற்றாமல், அதன் தலையில் தெரியும் இரண்டு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் அளந்தால், எந்தச் சர்க்யூட்டில் கரண்ட் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் வெளியில் போட்ட ஸ்டீரியோ, டேஷ்கேம், டிராக்கர் ஏதாவது இருந்தால் அவற்றை முதலில் கழற்றிவிடுங்கள். குற்றவாளி அதுவாக இருக்க வாய்ப்பு உண்டு என்பது ஒன்று. இல்லாவிட்டாலும் பழியை அதன்மேல் போட்டு உங்களை அனுப்ப முடியாது என்பது இன்னொன்று. மற்றபடி டிக்கி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே, கதவு மூடியதை உணராத லாக் சுவிட்ச், ஆல்டர்னேட்டரின் டையோடு கசிவு. கடைசியாகச் சொன்னது உள்ள வண்டியில் சார்ஜிங் வோல்டேஜ் சரியாகவே காட்டலாம், அதனால்தான் "ஆல்டர்னேட்டர் சரி" என்ற சொல்லை அப்படியே நம்ப முடியாது. கீலெஸ் வண்டி என்றால் சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவைக்காதீர்கள், சாவி அருகில் இருப்பதை உணர்ந்து வண்டி தூங்காமல் இருக்கலாம்.

கேள்வி: 90 கி.மீ. தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. அலைன்மென்ட், பேலன்சிங் பலமுறை செய்தாயிற்று.

அலைன்மென்ட் சரியில்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். அதனால் நேரடியாக உதறல் வராது. ஆனாலும் எல்லா பில்லிலும் அது ஏறிவிடுகிறது!

பேலன்சிங் மெஷின் டயரை அந்தரத்தில் சுற்றுகிறது; எடை சமமாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். டயர் முழு வட்டமாக இல்லாவிட்டாலோ, உள்ளே ஒரு பக்கம் விறைப்பாக இருந்தாலோ அதற்குத் தெரியாது. டயர்மேல் உருளையை அழுத்திச் சுற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷினில்தான் அது பிடிபடும். அதற்கு முன்பு செலவில்லாத ஒரு சோதனை: முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். உதறல் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு நகர்ந்தால் டயரோ ரிம்மோதான் காரணம். நகராவிட்டால் ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் நடுப்பகுதி), பேரிங், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போகலாம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் அடங்கினால் உள்பக்க சிவி ஜாயின்ட்டைப் பாருங்கள்.

பிரேக் பிடித்தால் மட்டும் உதறல் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு வேறுபாடு கூடக் காலில் தெரியும். புது டிஸ்க் போட்டும் சில ஆயிரம் கி.மீ.யில் திரும்ப வருகிறதென்றால், ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டாமல் மேலேயே மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: மழை பெய்தால் ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் விளக்குகள் மொத்தமாக எரிகின்றன. காய்ந்ததும் அணைந்துவிடுகின்றன.

ஒரே நாளில் மூன்று சிஸ்டம் கெட்டுப்போகாது. பொதுவான எர்த், பொதுவான சப்ளை, அல்லது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் வயர், இவற்றில் ஒன்றில் தண்ணீர் புகுந்திருக்கும். முன் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் வடிகால் குழாய், கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்துக்கொள்ளும் பள்ளம், கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் ஆகியவைதான் வழக்கமான வழிகள். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றிய நிலையில் கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே சுமார் 60 ஓம் இருக்க வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. எர்த்தை வெறும் ஓம் மீட்டரில் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லவிடாதீர்கள். லோடு ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்த எர்த் கெட்டது. இந்த வேலைக்கு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேண்டும்.

கேள்வி: "இந்த மாடலே அப்படித்தான்" என்கிறார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அதே மாடல், அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள இன்னொரு வண்டியை அதே சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே இருந்தால், பிடிக்காவிட்டாலும் கோளாறு அல்ல. இல்லையென்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டாவதாக, உங்கள் சேசிஸ் நம்பருக்குக் கம்பெனி டெக்னிக்கல் புல்லட்டினோ (தெரிந்த கோளாறுக்கு டீலர்களுக்கு அனுப்பும் பழுதுக் குறிப்பு) சாஃப்ட்வேர் அப்டேட்டோ வெளியிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அதைத் தேடிப் பார்ப்பது அரிது.

கேள்வி: வாரன்டி முடியப்போகிறது. இழுத்தடிக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. யாரிடம் போவது?

முடியும் முன்பே புகார் ஜாப் கார்டில் ஏறியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். "ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று திருப்பித் தந்த விசிட்டுக்கும் காகிதம் வாங்குங்கள். பில் இல்லை என்பதற்காக வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள் பலர், பிறகு அந்த விசிட் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. தேதி, ஓடிய கி.மீ., வண்டி எத்தனை நாள் உள்ளே நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கோளாறை ஒரே வார்த்தைகளில் எழுதச் சொல்லுங்கள். முதல்முறை 'பிக்கப் இல்லை', அடுத்து 'ஜெர்க்', பிறகு 'மைலேஜ் குறைவு' என்று எழுதியிருந்தால் மூன்று வெவ்வேறு கோளாறுகள் என்று வாதாட இடம் கிடைத்துவிடும்.

அட்வைசரைத் தாண்டி சர்வீஸ் மேனேஜர், அவரைத் தாண்டி கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில். கம்பெனியின் டெக்னிக்கல் என்ஜினீயர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். டீலருக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபடுவதுண்டு, வேறு ஊர்களில் அதே கோளாறைப் பார்த்திருப்பார். அதே கம்பெனியின் வேறொரு டீலரிடமும் காட்டலாம். வெளி மெக்கானிக்கிடம் போனால் கோளாறைக் கண்டறிந்து எழுதித் தருவதற்கு மட்டும் பணம் கொடுங்கள். வாரன்டியில் இருக்கும் எதையும் பிரிக்க விடாதீர்கள். வண்டியை மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதக் கட்டைத்தான்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. கோடு எதுவும் இல்லை. "ஓட்டிப் பாருங்கள்" என்கிறார்கள்.

இந்த வரிசையில் அவசரமான கேள்வி இதுதான். என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் போய்விடலாம், பிரேக் பூஸ்டரும் சில மிதிகளுக்கு மேல் உதவாது. இதைத் தொல்லை என்று எழுதாமல், பாதுகாப்புக் குறைபாடு என்றே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டியில் முதல் சந்தேகம் என்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், அடுத்தது ஃபியூயல் பம்ப்பும் அதன் ரிலேயும். நின்றுபோன அந்த நேரத்தில் ஸ்கேனர் மாட்டி செல்ஃப் அடித்தால், ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டினால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயரிங். ஆர்பிஎம் வந்தால் ஃபியூயல் பிரஷரையும் ஸ்பார்க்கையும் பார்க்கலாம். ஆறிய வண்டியில் இதில் எதுவும் தெரியாது. எனவே டேட்டா ரெக்கார்டரை மாட்டி, கோளாறு வரும்வரை அவர்களே ஓட்டட்டும். அதுவரை உங்களுக்கு மாற்று வண்டி கேளுங்கள்.

அப்படியும் "நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றால், "இந்த வண்டி ஓட்டுவதற்குப் பாதுகாப்பானது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள். வண்டி அங்கேயே நிற்கும்.