மாத்திரைக்கு அடங்காத வலிப்பு: ஆபரேஷன் வரை போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. 3 வயதில் வைரஸ் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான். அடுத்த வருடமே ஃபிட்ஸ் ஆரம்பித்தது. மூன்று மருந்து பார்த்தாகிவிட்டது, இன்னமும் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. ஆபரேஷனுக்கு பெங்களூர் போய்க் காட்டச் சொல்கிறார் தர்மபுரி டாக்டர். தலையில் கை வைத்தால் ஞாபகசக்தி போய்விடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள். சரியான இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அடுத்த மருந்தில் நிற்பது அபூர்வம். பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மூன்றிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். காட்டப் போனாலே கத்தி வைத்துவிட மாட்டார்கள்.

வலிப்பு ஒரே இடத்தில் கிளம்புகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மூளைக்காய்ச்சல் பல இடங்களில் தழும்பு விட்டிருந்தால் வெட்டி எடுத்துப் பலனில்லை. ஆனால் 4 வயதுக்குள் மூளைக்காய்ச்சல் கண்ட சில பிள்ளைகளுக்கு, காதுக்கு உட்புறமுள்ள ஹிப்போகேம்பஸ் (நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி) ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருக்கும். இவர்களுக்குத்தான் ஆபரேஷன் நன்றாகக் கை கொடுக்கிறது. டெல்லி எய்ம்ஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளில் (எல்லாரும் மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் அல்ல) ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்தான்.

ஞாபகசக்தி பற்றிய பயம் வீண் பயமல்ல. இடது பக்கம் எடுத்தால் சொற்களை நினைவில் வைப்பது குறையலாம். அதனால்தான் நினைவாற்றல் சோதனையை முன்பே செய்கிறார்கள். ஏற்கெனவே சுருங்கிப்போன பகுதி பெரிதாக வேலை செய்வதில்லை. விடாமல் வரும் வலிப்பும் படிப்பைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடும் (CD) வேண்டும். மூளைக்காய்ச்சலின்போது கொடுத்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். காய்ச்சலுக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ் என்றால் ஆபரேஷனுக்குப் பின் அது மறுபடி தலைதூக்கிய சம்பவங்கள் உண்டு. டாக்டர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வலிப்பை செல்போனில் எடுங்கள். ஆரம்பிக்கும்போது எந்தக் கை முறுக்குகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறானா என்பது தெரிய வேண்டும்.

வீடியோ இ.இ.ஜி.க்கு (தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளையும், கூடவே வீடியோவையும் பதிவு செய்யும் சோதனை) சில நாள் படுக்க வைப்பார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி அழைத்துப் போங்கள்; எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. வலிப்பைப் பதிவு செய்ய அங்கே மாத்திரையைக் குறைப்பார்கள். அதை வீட்டில் நீங்களாகச் செய்துவிடாதீர்கள், நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும். ஆபரேஷனுக்குப் பிறகும் டாக்டர் சொல்லும்வரை மாத்திரை உண்டு.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது சரியா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: பலனில்லை, கையில் காயம்தான் படும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள்: 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே கொடுத்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள். எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை எடைக்கேற்ப டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒரு ஸ்ப்ரேயைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்து வையுங்கள்.