நோய் ஆதரவுப் பணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்க வீடு வீடாகச் செல்லும் நோய் ஆதரவு சிகிச்சைக் குழுவில் செவிலியாக இருக்கிறேன். முக்கூடல் பக்கம் ஒரு வீட்டில், தாயின் மார்புப் புற்றுப் புண்ணிலிருந்து வந்த வாடை தாளாமல் மகன் திண்ணையிலேயே இருந்தார். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டி வந்ததில் வாடை அடங்கியது. அவர் உள்ளே வந்து அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தார். அடுத்த மாதம் அந்த அம்மாள் இறந்துவிட்டார். “பொழைக்க மாட்டாவன்னு தெரிஞ்சும் எதுக்குட்டி இப்படி அலையுத?” என்கிறாள் என் ஆச்சி. எனக்கோ இந்த வேலை பிடித்திருக்கிறது. மனம் மரத்துவிட்டதோ என்று அச்சமாகவும் இருக்கிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கப் பணிக்கு அழைக்கிறார்கள். போகலாமா?

ச.

அன்புள்ள ச.,

மனம் மரத்தவர் நோயாளியின் புண்ணைத்தான் நினைவில் வைத்திருப்பார். நீங்கள் திண்ணையில் இருந்த மகனையும் கவனித்திருக்கிறீர்கள். குணமாவது ஒன்றே பலன் என்று கொண்டால் உங்கள் பணியில் ஒவ்வொரு நாளும் தோல்விதான். வாடை அடங்குவதும், வலியின்றி ஓர் இரவு உறங்குவதும் பலன் என்று கொண்டால், உழைப்பின் விளைவை விரைவாகக் கண்ணால் காண்பவர் நீங்கள்.

1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன் செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். உடல் வலியோடு மனத்துயரும் குடும்பக் கவலையும் பிணைந்தே இருக்கின்றன என்று அவர் கண்டதால்தான் இப்பணி ஒருவரால் ஆகாத குழுப்பணியாக அமைந்தது. அந்தக் குழுவில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

இப்பணியில் இருப்பவர்களைச் சோர வைப்பது சாவு மட்டுமன்று. செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்யமுடியாமல் நிற்பது அதைவிடக் கொடியது. நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டிய, கடும் வலியைத் தணிக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரை இருப்பில் இல்லாதபோது, கதறுகிறவர் முன்னால் நிற்பவர் செவிலிதான். மார்ஃபினைக் கட்டுப்படுத்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி மருத்துவப் பயன்பாட்டை எளிதாக்கினார்கள் என்றாலும், பாபநாசம் மலையடிவாரத்து வீட்டுக்கு மாத்திரை போய்ச் சேர, எழுதிக்கொடுக்க மருத்துவரும் இருப்பு வைத்த மருந்தகமும் வண்டியும் வேண்டும். ‘சேவை’ என்று மாலை போடுபவர்கள், சம்பளத்தையும் வண்டிச் செலவையும் பற்றி வாய் திறப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஆச்சியின் கேள்விக்காகப் போகவேண்டாம். மருந்து தடையின்றி வருமா, ஒரு நோயாளி இறந்தபின் குழுவாக உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவார்களா, உங்கள் விடுப்பு நாளில் வேறொருவர் வருவாரா என்று பொறுப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் கைவிரித்தால் அறுவை அரங்கத்துக்குப் போவதில் ஒரு குற்றமும் இல்லை.